வருஷத்தில் எத்தனை நாள் ஓடும்? – கேள்வி பதில்

விவசாயக் குடும்பத்தில் பிறந்து, படித்து, தொழில்நுட்பத் தொழில் தொடங்க நினைப்பவர்களின் கடிதங்களே இந்த முறை அதிகம். கருத்தரங்குப் பேச்சை விட்டுவிட்டு நேராகக் கேள்விகளுக்குப் போகலாம்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: இ.சி.இ. படித்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து 7.5 எச்.பி. மோட்டாரை போனிலிருந்து ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்தேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் பத்துப் பேர் கேட்கிறார்கள். ஆனால் பெட்டி அடிக்கடி தானாக ரீசெட் ஆகிறது. இதைத் தொழிலாக எடுக்கலாமா?

முதலில் ரீசெட்டைப் பார்ப்போம். போன் சிக்னலுக்கு நீங்கள் போட்டிருப்பது 2ஜி மாட்யூல் என்றால், சிக்னல் அனுப்பும் கணத்தில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். டவர் தூரமாக இருந்தால் இழுப்பு கூடும். சப்ளை அதைத் தாங்காமல் 3.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாட்யூல் அணைந்து எழும். 2 ஆம்பியருக்கு மேல் தரும் சப்ளை வையுங்கள். மாட்யூலின் காலுக்கு ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். ஆன்டெனா இரும்புப் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும்.

மோட்டார் நிற்கும்போது மட்டும் ரீசெட் ஆகிறதென்றால் காரணம் வேறு. மோட்டாருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டரின் காயில் விடுபடும்போது எழும் மின்னழுத்த உதை அது. காயிலுக்குக் குறுக்கே கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ந்த ஸ்னப்பர் போட்டால் அடங்கும். ஸ்டார்ட்டரில் காயில் பெரும்பாலும் 415 வோல்ட். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 275 வோல்ட் கெப்பாசிட்டரை அங்கே போட்டால் வெடிக்கக்கூடும். 415-ஐத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி தொழில். மூன்று பேஸில் ஒன்று குறைந்தால் உங்கள் பெட்டி மோட்டாரை நிறுத்தும் அல்லவா? நம் பக்கத்தில் இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் (கெப்பாசிட்டர்) வைத்து மோட்டார் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அது மோட்டாருக்கு நல்லதில்லை என்று நீங்கள் சொல்லலாம். அவர் உங்கள் பெட்டியைக் கழற்றி ஒயரை நேராகக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு பேஸில் ஓட்டுவதற்கென்று ஒரு தனி சுவிட்ச் வைத்துவிடுவதே மேல்.

தண்ணீரில்லாமல் ஓடுவதைக் கண்டுபிடிக்க நிலையான ஆம்பியர் எண்ணை நம்பாதீர்கள். 7.5 எச்.பி. சுமார் 11 ஆம்பியர் எடுக்கும் என்பது பொதுக் கணக்கு, கிணற்றுக்குக் கிணறு மாறும். தண்ணீர் முழுதாக வரும்போது ஓடும் கரண்டைப் பெட்டியே பதிந்துகொள்ளட்டும். அதில் 70 சதவீதத்துக்குக் கீழே போய்ப் பத்துப் பதினைந்து விநாடி நீடித்தால் நிறுத்தட்டும். மறுபடி ஓட எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை விவசாயியே வைத்துக்கொள்ள வழி வேண்டும். அவருடைய போர்வெல்லில் எப்போது தண்ணீர் ஊறும் என்று அவருக்குத்தான் தெரியும்.

பத்துப் பெட்டியும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். கரண்ட் வந்த கணத்தில் எல்லா மோட்டாரும் சேர்ந்து எழுந்தால் வோல்டேஜ் படுத்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் அரை நிமிடத்திலிருந்து சில நிமிடம் வரை வெவ்வேறு தாமதம் கொடுங்கள்.

சிம் விஷயத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. சாதாரண ப்ரீபெய்டு சிம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் எண் போய்விடும், பழி உங்கள் பெட்டி மீது விழும். இயந்திரங்களுக்கென்றே 13 இலக்க எண்ணுள்ள சிம்கள் இருக்கின்றன, அவற்றை நிறுவனத்தின் பெயரில் மொத்தமாக வாங்குங்கள். புதிதாக வடிவமைப்பதானால் 2ஜியும் சேர்ந்த 4ஜி மாட்யூலுக்குப் போய்விடுங்கள். விலை கூடும், ஆனால் நாளைக்கு 2ஜி நின்றால் வீடு வீடாகப் போய் மாற்றும் செலவு மிச்சமாகும். ரேடியோ உள்ள கருவியை விற்க மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் அனுமதி வேண்டும், ஏற்கெனவே அனுமதி பெற்ற மாட்யூலாக வாங்கினால் வேலை குறையும்.

அந்தப் பத்துப் பேருக்கும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். காசு கொடுத்தவர்தான் குறையைச் சொல்வார். கோடை இடியும் ஐப்பசி மழையும் ஒரு சுற்று கடக்கட்டும். மின்னலில் எரிந்து திரும்பும் போர்டுகளை எண்ணிப் பாருங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்பு எதுவும் சரியாக வேலை செய்யாது, ஆகவே எர்த் குழி போடுவதையும் விலையிலேயே சேர்த்துவிடுங்கள். இது தைக்கு மேல் கோடை முடியும் வரை விற்கும் பொருள். மழைக்காலத்தில் கேட்பாரில்லை. 500 போர்டுக்கு ஆவணியில் பணம் கட்டினால், தை வரை அது அலமாரியில்தான் இருக்கும்.

மன்னார்குடி வாசகி: வேளாண் பட்டதாரி. 10 லிட்டர் ட்ரோன் வாங்கி வாடகைக்கு மருந்து தெளிக்கலாம் என்று எண்ணம். ஏக்கருக்கு ஏழெட்டு நிமிடம்தான் என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது ஏக்கர் முடியும்தானே?

முடியாது. ஏழெட்டு நிமிடம் என்பது பறக்கும் நேரம் மட்டும். மருந்து கலப்பது, ஊற்றுவது, பேட்டரி மாற்றுவது, அடுத்த வயலுக்கு வரப்பில் தூக்கிப் போவது எல்லாம் சேர்த்தால் இருமடங்காகும். காற்று குறைவாக இருக்கும் காலையும் மாலையும்தான் தெளிக்க முடியும். மதியத்தில் துளி காய்ந்தும் ஒதுங்கியும் போகும். ஒரு நாளைக்கு 20 முதல் 25 ஏக்கர் என்று கணக்குப் போடுங்கள். அதுவும் வயல்கள் அடுத்தடுத்து இருந்தால்தான்.

ட்ரோன் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பேட்டரியை மறந்துவிடுகிறார்கள். முழு டேங்கோடு ஒரு செட் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வரும், சார்ஜ் ஏற முக்கால் மணி நேரம் வரை ஆகும். குறைந்தது ஐந்து செட், கூடவே வயலோரத்தில் ஒரு ஜெனரேட்டர். ஒரு செட் சுமார் 300 முறை சார்ஜ் ஏறும் என்று வைத்தால், அதன் விலையை 300-ஆல் வகுத்து வருவது ஒவ்வொரு ஏக்கரின் தலையிலும் ஏறும் செலவு. வேலையில்லாத மாதங்களில் முழு சார்ஜோடு வைத்தால் பேட்டரி உப்பிவிடும். பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை தண்ணீர் போகும், ட்ரோனில் 10 லிட்டர்தான். மருந்தின் அளவை ஏக்கருக்கு இவ்வளவு என்று வையுங்கள். லிட்டருக்கு இவ்வளவு மில்லி என்ற பழைய கணக்கில் கலந்தால் பூச்சிக்கு எதுவும் ஆகாது. இன்னொரு பக்கம், கலவை கெட்டியாக இருப்பதால் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கலந்தால் இலை கருகும். தூள் மருந்தை வடிகட்டாமல் ஊற்றினால் மருந்து தெளிக்கும் முனையான நாசில் அடைக்கும். ஒரு நாசில் அடைத்தாலும் வயலில் பட்டை பட்டையாகத் தெரியும். பயிருக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் உயரம் போதும். பக்கத்தில் மீன் குளமோ தேனீப் பெட்டியோ இருந்தால் அந்த ஓரத்தைக் கையால் அடிக்கச் சொல்லிவிடுங்கள்.

பைலட் சான்றிதழுக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும், ஆனால் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படித்திருக்க வேண்டும். ட்ரோனுக்கு, அந்த மாடலுக்கான வகைச் சான்றும் பதிவு எண்ணும் உண்டா என்று பார்த்தே முன்பணம் கொடுங்கள். வாடகை மையம் வைக்கும் வேளாண் பட்டதாரிக்கு மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் என்று விதி. வாடகை மையம் வைக்கும் மற்ற ஊரகத் தொழில்முனைவோருக்கு 40 சதவீதம், 4 லட்சம். இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுவையும் சம்பாவும் சேர்த்து உண்மையில் பறக்கும் நாட்கள் எத்தனை என்று எழுதிப் பாருங்கள். கடன் தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். கோடையில் உளுந்துக்கும் பயறுக்கும் டி.ஏ.பி. உரக் கரைசலோ பயறு ஒண்டர் என்ற சத்துக் கலவையோ தெளிக்கும் வேலையை முன்கூட்டியே பேசி வைத்தால் அந்த இடைவெளி கொஞ்சம் குறையும்.

ஒட்டன்சத்திரம் வாசகர்: கிலோ 20 ரூபாய்க்குத் தக்காளி வாங்கி, ஆப் மூலம் ஓட்டல்களுக்கு 25 ரூபாய்க்கு விற்கத் திட்டம். தினம் ஒரு டன். கிலோவுக்கு 5 ரூபாய் லாபம் போதுமா?

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 1000 கிலோவுக்கு 20,000 ரூபாய். வண்டி வாடகை கிலோவுக்கு 2 ரூபாய், ஆள் கூலியும் பெட்டிச் செலவும் ஒன்றரை ரூபாய் என்றால் மொத்தம் 23,500. தரம் பிரித்ததில் 8 சதவீதமும், எடை இறங்கியதில் 2 சதவீதமும் போனால் கையில் நிற்பது 900 கிலோ. விற்றது 22,500. தினம் 1,000 ரூபாய் நட்டம். ஒதுக்கிய பழத்தைச் சாஸ், ஊறுகாய் போடுகிறவர்களிடம் தள்ள வழி இருந்தால்தான் இந்தக் கணக்கு நிமிரும்.

அடுத்தது கடன். விவசாயிக்கு அன்றைக்கே பணம், ஓட்டல்காரர் தருவது முப்பது நாள் கழித்து. கொள்முதலுக்கு மட்டுமே 6 லட்சம் ரூபாய் எப்போதும் வெளியில் கிடக்கும். விற்பனை இரட்டிப்பானால் அது 12 லட்சம். வியாபாரம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே காசில்லாமல் மூடிய காய்கறி நிறுவனங்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

மண்டிக்காரரை வெறும் இடைத்தரகர் என்று நினைத்து இறங்காதீர்கள். நாற்றுக்கும் மருந்துக்கும் அவர் முன்பணம் கொடுத்திருப்பார், சரக்கு அவரிடம்தான் போகும். விலை ஏறிய நாளில் உங்களுக்குத் தக்காளி வராது. விழுந்த நாளில் ஊரே உங்கள் வாசலில் நிற்கும். முந்தைய நாள் சந்தை விலையோடு இவ்வளவு கூட்டு என்று எழுத்தில் போட்டு, வாங்கும் அளவுக்கும் மேல்வரம்பு வையுங்கள். ஆப்பில் கிலோ மட்டும் வைத்தால் சண்டை வரும். உங்கள் ஊரில் பேச்சு 14 கிலோ பெட்டியில், தர்மபுரிப் பக்கம் போனால் பெட்டியின் எடையே வேறு. பெங்களூருவில் 2015-இல் தொடங்கிய காய்கறி நிறுவனமான நிஞ்சாகார்ட்கூட முதலில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் வழிக்கு மாறியது.

திருவண்ணாமலை வாசகர்: விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆகவே எங்கள் ஸ்டார்ட்அப்பின் வருமானத்துக்கும் வரி இல்லைதானே?

உங்கள் நிலத்தில் விளைந்ததை வழக்கமான முறையில் சந்தைக்குத் தயார் செய்து விற்பது வரை வரியில்லை. நாற்றங்கால் வருமானத்துக்கும் இல்லை. மற்றவர் விளைச்சலை வாங்கி விற்றால் வியாபாரம். உங்கள் தேங்காயையே எண்ணெய் ஆட்டி விற்றாலும் ஆட்டிய பகுதியின் லாபத்துக்கு வரி உண்டு. இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வையுங்கள்.

சென்னை வாசகர்: தோட்டத்தில் வளர்ந்தவன், பத்து வருடமாக மென்பொருள் வேலை. விவசாயத் தொழில்நுட்பத்தில் இறங்க எண்ணம். விவசாயம், தொழில்நுட்பம் இரண்டிலும் நடந்து தேறியவர்கள் எப்படிச் செய்தார்கள்?

மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில், வாகோத் என்ற ஊரின் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பவர்லால் ஜெயின் 1963-இல் 7,000 ரூபாயோடு மண்ணெண்ணெய் விற்கத் தொடங்கினார். பிறகு டிராக்டர், உரம், குழாய் ஏஜென்சிகள். 1978-இல் நலிந்துபோன வாழைப்பழப் பொடி ஆலை ஒன்றை 30 லட்சத்துக்கு வாங்கி, அதில் பப்பாளிப் பாலிலிருந்து பப்பைன் எடுத்து ஏற்றுமதி செய்தார். அப்புறம் பி.வி.சி. குழாய், எண்பதுகளின் பிற்பகுதியில் சொட்டுநீர். சொட்டுநீர் அவர் முதல் யோசனை இல்லை. அதை விற்க அவருக்கு உதவியது, முன்பே பதினைந்து இருபது வருடம் கடன் கொடுத்து வாங்கிப் பழகிய விவசாயிகளின் தொடர்பு என்பது எங்கள் கணிப்பு.

இன்னொன்று அமெரிக்காவில். பெரு நாட்டில் தாத்தா பாட்டியின் பண்ணையில் விடுமுறைகளைக் கழித்த ஹோர்ஹே ஹெராட், வயலில் டிராக்டரைத் தானே திருப்பும் கருவிகள் செய்யும் டிரிம்பிள் நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தார். 2011-இல் லீ ரெட்டனோடு சேர்ந்து புளூ ரிவர் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் எண்ணம் புல்வெளி வெட்டும் தானியங்கி. வாங்கக்கூடியவர்களை நேரில் போய்க் கேட்டபோது அது எடுபடவில்லை. லெட்டூஸ் கீரையில் நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைக்கும் இயந்திரத்துக்கு வந்தார்கள். அதையும் உடனே விற்கவில்லை. வயலுக்குக் கொண்டுபோய்க் கூலிக்கு ஓட்டினார்கள். பழுதானால் சொந்த ஆளே சரிசெய்வார், அடுத்த வடிவத்துக்குப் பாடமும் கிடைக்கும். லெட்டூஸ் கோடையில் கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலும், குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமாவிலும் விளைகிறது. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு இடத்திலும் வேலை இருக்கும் பயிர் அது. 2017-இல் டிராக்டர் நிறுவனமான ஜான் டியர், புளூ ரிவரை 30.5 கோடி டாலருக்கு வாங்கியது.

உங்களுக்கு எங்கள் யோசனை: வேலையை உடனே விட வேண்டாம். ஒரு பயிரை எடுங்கள். விதைப்பிலிருந்து விற்பனை வரை எந்த வாரத்தில் ஆளுக்கோ பணத்துக்கோ முட்டுப்பாடு என்று முப்பது குடும்பங்களிடம் கேட்டு எழுதுங்கள். "இந்த ஆப் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், முகதாட்சண்யத்துக்கு எல்லாரும் சரி என்பார்கள். போன வருஷம் அந்த வேலைக்கு யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேளுங்கள்.

உடுமலை வாசகி: முதலுக்காக அப்பாவின் நிலத்தை அடமானம் வைக்கலாமா?

கூட்டுப் பட்டா நிலம் என்றால் வேண்டாம். தொழில் நொடித்தால் சித்தப்பா பெரியப்பாவோடு உறவும் போகும். வேளாண் ஸ்டார்ட்அப்களுக்கான மத்திய அரசின் ராஃப்தார் திட்டத்தில் யோசனை நிலையில் 5 லட்சம் வரையும், சந்தைக்குப் போகும் நிலையில் 25 லட்சம் வரையும் மானியம் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தஞ்சை உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இதற்கான தொழில் காப்பகங்கள், அதாவது புதுத் தொழில்களைக் கைதூக்கிவிடும் இடங்கள். பணம் ஒரே தடவையாக வராது. முதல் தவணைக்குக் கணக்குக் காட்டிய பிறகே அடுத்தது வரும், நடுவில் சம்பளம் கொடுக்கக் கையிருப்பு வேண்டும். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என்று மாதங்கள் ஓடும். ஆடிப் பட்டத்துக்குப் பொருள் வேண்டுமென்றால் ஆடியில் விண்ணப்பித்துப் பயனில்லை. குளிர்பதனம், கிடங்கு போன்றவற்றுக்கு வேளாண் கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. உணவு பதப்படுத்தும் சிறு தொழிலுக்கு 35 சதவீதம், 10 லட்சம் வரை மானியம். இவை இப்போதும் தொடர்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டி வாசகர்: கரிசல் மண்ணில் ஈரச் சென்சார் வைத்தோம். இரண்டே மாதத்தில் தப்பான அளவு காட்டுகிறது.

இரண்டு கம்பி வெளியே தெரியும் ரகமானால் கம்பி அரித்திருக்கும், அதை மாற்றுங்கள். கம்பி வெளியே தெரியாத கெப்பாசிட்டிவ் ரகமானால் போர்டின் வெட்டு ஓரத்தில் ஈரம் ஏறியிருக்கலாம். எபாக்ஸி பூசிவிட்டுப் புதையுங்கள். ஆனால் கரிசலில் முதல் சந்தேகம் வெடிப்பின் மீது. மண் காய்ந்து சுருங்கும்போது சென்சாரை விட்டு விலகிவிடும், இடையில் நிற்கும் காற்றைத்தான் அது அளக்கும். சொட்டுவானுக்குப் பக்கத்தில், மண் முழுதாகக் காயாத இடத்தில், அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்து ஊற்றிப் புதையுங்கள். 20 செ.மீ. ஆழத்தில் ஒன்று, 40 செ.மீ. ஆழத்தில் ஒன்று. கம்பெனி தந்த அளவுகோலை நம்பாமல், அந்த இடத்து ஈரமண்ணை எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். ஈரத்தின் எடையைக் காய்ந்த மண்ணின் எடையால் வகுத்து வருவதைச் சென்சார் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள், நாலாம் நாள், எட்டாம் நாள் என்று மூன்று முறை செய்தால் உங்கள் மண்ணுக்கு அளவுகோல் கிடைத்துவிடும். ஒயரைக் குழாய்க்குள் விட்டு வாயை அடைத்துவிடுங்கள், அறுவடை நெருங்கும்போது எலி கடிக்கும்.