அமெரிக்கக் கால்பந்தில் எதிராளிகளை முட்டித் தடுக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்தான் லைன்மேன். அவர் பந்தைத் தொடாமலே பெயர் வாங்குவது எப்படி?

ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஓர்லாண்டோ பேஸைப் பாருங்கள். அவர் நின்ற இடம் லெஃப்ட் டேக்கிள், அதாவது முன்வரிசையின் இடப்பக்கம். பின்னால் நின்று பந்தை எறிபவர் குவாட்டர்பேக். வலக்கைக்காரர் என்றால், எறியத் திரும்பும்போது தன் இடப்பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே காவல் தவறினால் எதிர்பாராத அடி விழும், பந்தும் கைநழுவும்.

பலர் சறுக்குவது நிற்கும் நிலையில்தான். முழங்காலை மடக்காமல் இடுப்பில் குனிந்தால், எதிராளி இழுத்தே கவிழ்த்துவிடுவார். முதுகு நிமிர்ந்திருக்க, கைகள் அவர் மார்பில் பதிய வேண்டும். சுமார் 2 மீட்டர் உயரமிருந்தும் பேஸின் கால்கள் அபார வேகம்! எதிராளியை மல்லாக்கச் சாய்ப்பதை ‘பேன்கேக்’ என்றே கணக்கு வைத்தார்கள்.

1995, 1996 இரண்டு ஆண்டும் கல்லூரி ஆட்டத்தின் லொம்பார்டி விருது. கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் 1996 ஹைஸ்மன் வாக்கெடுப்பில் நான்காமிடம். லைன்மேனுக்கு இது மிக அபூர்வம். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1997 டிராஃப்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவரையே முதல் ஆளாக எடுத்தது.