அம்மாவின் முழங்காலும் மூன்றாவது வரிசை சீட்டும்

கேள்வி: தஞ்சாவூரில் ஆசிரியராக இருக்கிறேன். நான், மனைவி, எட்டு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அம்மா என வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். வருஷத்தில் இரண்டு முறை அக்கா குடும்பத்தோடு சேர்ந்து திருச்செந்தூர், கொடைக்கானல் என்று போவோம். தெரிந்த புரோக்கர் ஒருவர் 2021 மாடல் டீசல் எஸ்யூவி, ஏழு சீட்டர், சென்னைப் பதிவு, 13 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். அதே பணத்தில் புது செடான் வரும். எஸ்யூவிதான் பாதுகாப்பு என்கிறார் மச்சான். எது வாங்கலாம்?

பதில்: 22 வருஷமாக விபத்து வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் சர்வே போடுகிறவன் நான். ஷோரூமில் பளபளக்கிற வண்டியை விட நசுங்கிய வண்டியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணோடு சொல்கிறேன்: ஐந்து பேருக்கு செடான் போதும். உங்கள் அம்மா அதில் ஏறி இறங்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மச்சானுக்குப் பதில். இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதினால் கனமான வண்டிக்கு அனுகூலம் உண்டு, உண்மைதான். ஆனால் உயரமான வண்டி சட்டென்று ஒடித்துத் திருப்பும்போது கவிழ்வதும் சுலபம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் போனது விலையுயர்ந்த வெளிநாட்டு எஸ்யூவிதான். இறந்த இருவரும் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தவர்கள். உங்கள் வண்டியில் பிள்ளைகள் பின்னால் பெல்ட் போடுவார்களா என்பதுதான் கேள்வி. கார்களை மோதவிட்டுச் சோதித்துப் பாதுகாப்புக்குத் தரும் பாரத் என்கேப் நட்சத்திரம் பார்த்து வாங்குங்கள். அதில் குழந்தைகளுக்கான மதிப்பெண் தனியாக இருக்கும், அதையும் பாருங்கள்.

ஏழு சீட்டர் என்றால் ஏழு பேரும் பெட்டிகளும் என்று நினைக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் டிக்கி போச்சு. மாருதியின் ஏழு சீட்டரான எர்டிகாவில் ஏழு சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது மிஞ்சுவது 209 லிட்டர் இடம். ஹோண்டா சிட்டி செடானின் டிக்கி 506 லிட்டர். பெரிய எஸ்யூவிகளிலும் கதை இதுதான். அப்புறம் கூரையில் கேரியர் போட்டு மூட்டை கட்டுவீர்கள், வண்டி இன்னும் ஆடும். கொடைக்கானல் மலைப்பாதையில் முதலில் வாந்தி எடுப்பதும் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைதான். பின்பக்கம் யாராவது இடித்தால் அந்த வரிசைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

இப்போது அம்மா விஷயம். தாழ்வான செடானில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலை விடக் கீழே போய்விடும். எழுந்திருக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க முழங்காலில் இறங்கும். அதற்காகப் பெரிய எஸ்யூவி வாங்கினால் வேறு தொல்லை: ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்து, அந்த ஒரு முழங்காலை நம்பியே உடம்பைத் தூக்க வேண்டும். ரொம்பத் தாழ்வும் அவர்களுக்கு ஆகாது, ரொம்ப உயரமும் ஆகாது. அம்மா வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறார்கள் என்று பாருங்கள். அதன் உயரத்தைத் தையல் டேப்பால் அளந்து, டேப்பையும் அம்மாவையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். கார் சீட்டின் உயரமும் அதை ஒட்டி இருக்க வேண்டும். முன் சீட்டில் முதலில் பக்கவாட்டாக உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். பிறகுதான் கால்களை உள்ளே திருப்பணும். இறங்கும்போது அதையே தலைகீழாக. மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லா அம்மாக்களும் "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். மூன்றாவது தடவைதான் முகம் உண்மையைச் சொல்லும். விற்பனைப் பையன் "சீட்டை உயர்த்தலாம் சார்" என்றால், அந்த லீவர் இடது பக்க சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் டிரைவர் சீட்டுக்கு மட்டும்தான் இருக்கும். தலையணை போட்டு உயர்த்தலாம் என்று நினைக்காதீர்கள், பெல்ட் வயிற்றுக்கு மேல் ஏறிவிடும்.

செடான் இதில் தேறவில்லை என்றால் கியா கேரன்ஸ் மாதிரி ஒரு குடும்ப வண்டியையோ சின்ன எஸ்யூவியையோ இதே டேப்பால் அளந்து பாருங்கள். அப்போதும் அந்தப் பெரிய டீசல் வேண்டாம். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த இந்த மாதிரி டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் நீளமாக ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். தினமும் ஆறு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

அந்தப் புரோக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னைப் பதிவு, 2021 மாடல், "தெரிந்தவர்". 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பது உங்களுக்கே தெரியும். அவை எல்லாம் குப்பைக்குப் போய்விடவில்லை. சீட் கவர் மாற்றி, சென்ட் அடித்து, டெல்டா பக்கமும் கொங்குப் பக்கமும் வந்து சேர்ந்தவையும் உண்டு. பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத இடம் அது. கடைசி ஒரு முழத்தில் காவி நிறத்தில் கோடு தெரிந்தால் புறப்பட்டு வந்துவிடுங்கள். சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டிலும் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்திலும் துருவைத் தேடுங்கள். ஓடிய கிலோமீட்டரை நம்பவே நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரையும் குறைத்துத் தருகிறார்கள். கம்பெனி சர்வீஸ் ரிப்போர்ட்டை நீங்களே வாங்கிப் பாருங்கள், அவர் தரும் நகலை வேண்டாம்.

வண்டி சுத்தமாகவே இருந்தாலும் பெயர் மாற்றத்தில் வழுக்கி விழுகிறவர்கள் அதிகம். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்" என்று 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் பையிலேயே வைத்திருப்பார்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றாமல் ஓட்டி இடித்தால் வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் கிடைக்காது. எத்தனை பேரிடம் இதைச் சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை மூடியிருக்கிறேன் தெரியுமா! வண்டி மேல் பழைய கடன் இருந்தால், அதைப் பதிவிலிருந்து நீக்கும் 35ஆம் படிவமும் வங்கியின் தடையில்லாச் சான்றும் கையில் வந்த பிறகுதான் பணம். எல்லாம் ஆன்லைன் என்று அரசாங்கம் சொல்கிறது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போனால் "சர்வர் டவுன்", "அந்த சீட்டு லீவு". வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் சர்வர் எப்போதும் ஓடும். இதில் நீங்கள் புரோக்கரை நம்பாமல் யாரை நம்புவீர்கள் என்று கேட்டால், என்னிடமும் பதில் இல்லை.

புது வண்டியிலும் கண் வேண்டும். தமிழ்நாட்டில் வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் சாலை வரி 13 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குதிக்கும். 9.90 லட்சத்துக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.10 லட்சத்துக்கு 1.82 லட்சம். ஷோரூமில் தள்ளிவிடும் 20 ஆயிரம் ரூபாய் சன்ரூஃபுக்காகக் கூடுதலாக 53 ஆயிரம் வரி கட்டாதீர்கள். நாலு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் செடானுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். நீளமோ சிசியோ தாண்டினால் 40 சதவீதம். இன்சூரன்ஸை அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே விலை கேட்டுவிட்டு வந்தாலே அங்கும் குறைப்பார்கள்.

அக்கா குடும்பத்தோடு போகும் அந்த இரண்டு பயணங்களுக்கு டிரைவரோடு ஓர் இன்னோவா எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 20 ரூபாய், நாளுக்கு 300 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆறு நாளுக்கு 36 ஆயிரம், டிரைவர் பேட்டா தனி. பெரிய வண்டியின் ஒரு வருஷ இன்சூரன்சும் கூடுதல் டீசலும் அதைச் சாப்பிட்டுவிடும். ஆனால் மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். "நம்ம பையன் வண்டிதான் சார், வாடகை கம்மி" என்று வெள்ளை போர்டைக் காட்டினால் ஏறாதீர்கள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு நீங்கள் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைவீர்கள். புறப்படும் முன் டிரைவரிடம் பெர்மிட்டைக் கேளுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.