தகடு வளைப்பு சிமுலேஷன்: கேள்வி-பதில்

தகடு வளைவதைக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் பற்றி, தென்னாப்பிரிக்கப் பட்டறைகளிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தகட்டின் தடிமன்கூட எழுதவில்லை. "எஸ்.எஸ். தகடு, விரிசல் வருகிறது, ஏன்?" என்று ஒரு வரியில் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். என்ன கிரேடு, மைக்ரோமீட்டரில் அளந்த தடிமன், மேலிருந்து அழுத்தும் பஞ்சின் முனை ஆரம், கீழே நிற்கும் வி வடிவ டையின் (வி-டை) அகலம், மில்லில் உருட்டிய திசை: இந்த ஐந்தும் இல்லாத கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன்.

கேள்வி (பைன்டவுன்): ஐயா, 4 மி.மீ. எஸ்355ஜேஆர் எஃகுத் தகடு, 32 மி.மீ. வி-டை, 90 டிகிரி வளைப்பு. சிமுலேஷனில் ஸ்பிரிங்பேக் (பஞ்சை எடுத்ததும் தகடு திரும்ப நிமிர்வது) 1.5 டிகிரி. மெஷினில் 2.5-க்கு மேல் வருகிறது. மென்பொருளை மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் அனுப்பிய இன்புட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிசிட்டி அட்டவணையில் (எந்தத் தகைவில், அதாவது ஸ்ட்ரெஸில், எவ்வளவு நிரந்தரத் திரிபு, அதாவது ஸ்ட்ரெய்ன், என்று சொல்வது) ஒரே ஒரு வரி: 355, 0. அதாவது உங்கள் தகடு 355 மெகாபாஸ்கலில் (மெ.பா.) ஈல்டு ஆகி, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கி, அதன்பின் எவ்வளவு வளைத்தாலும் 355-லேயே நிற்கும் என்று கணினியிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்படி ஒரு இரும்பு எந்த மில்லிலும் ஓடுவதில்லை.

இரண்டு தப்பு இதில். முதலாவது, 355 என்பது தரநிலை கேட்கும் குறைந்தபட்சம். மில்காரர் அதற்குக் கீழே போகக் கூடாது, மேலே எவ்வளவு போனாலும் அவருக்குக் கவலையில்லை. 4 மி.மீ. மெல்லிய தகட்டில் நிஜ ஈல்டு 400, 430 என்று இருப்பது சர்வ சாதாரணம். தகட்டோடு வந்த மில் சான்றிதழில் அந்த ஹீட்டின் (உலையில் ஒரே தடவையில் உருக்கியது) நிஜ ஈல்டு அச்சாகியே இருக்கும். அதைக் கோப்பில் போட்டு மூடிவிட்டு, இணையத்தில் தேடி 355 எடுத்துப் போடுகிறோம். இரண்டாவது, வளைப்பின் வெளிப்புற இழை 25 சதவீதம், 30 சதவீதம் நீள்கிறது. அந்த அளவில் எஃகு ஹார்டனிங் ஆகி (வளைய வளையக் கெட்டிப்பட்டு) 600-ஐத் தாண்டியிருக்கும். ஸ்பிரிங்பேக் என்பது, கிட்டத்தட்ட, தகட்டுக்குள் நிற்கும் தகைவை மீள்மைக் குணகத்தால் வகுத்ததோடு நேர்விகிதத்தில் போவது. 355-க்குப் பதில் சராசரியாக 580, 600 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் 1.5 தானாக 2.5-க்கு வந்துவிடும்.

சரி, என்ன செய்வது? உருட்டிய திசைக்கு 0, 45, 90 டிகிரியில் மூன்று இழுவைத் துண்டுகள் வெட்டுங்கள். லேசரில் வெட்டினால் ஓரம் சூட்டில் கெட்டியாகும். மில்லிங் செய்து ஓரத்தை எடுத்துவிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஈல்டு, அதிகபட்சம், நீட்சி என்று மூன்று எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். முழு வளைகோட்டையும் ஃபைலாகக் கேளுங்கள். அதில் இருப்பது பொறியியல் தகைவு, துண்டின் தொடக்கக் குறுக்குவெட்டால் வகுத்தது. அதை அப்படியே உள்ளே போடக் கூடாது. உதாரணத்துக்கு 304 ஸ்டெயின்லெஸ்ஸில் 40 சதவீத நீட்சியில் 620 மெ.பா. என்று வைத்துக்கொள்வோம். உண்மைத் தகைவு 620 × 1.4 = 868. உண்மைத் திரிபு 1.4-இன் இயல் மடக்கை, அதாவது 0.336. அதிலிருந்து மீள்மைப் பங்கு 868 ÷ 195000 = 0.0045 கழித்தால் பிளாஸ்டிக் திரிபு 0.332. அட்டவணையில் போக வேண்டிய ஜோடி 868, 0.332. இப்படி ஒவ்வொரு புள்ளிக்கும்.

இதோடு முடியவில்லை. எஸ்355 துண்டு 15 சதவீதம் சொச்சத்தில் கழுத்து விழுந்துவிடும் (ஓரிடத்தில் மட்டும் மெலிந்துபோகும்). அதற்குமேல் சோதனைத் தரவு செல்லாது. உங்கள் வளைப்புக்கோ 30 சதவீதம் வரை வேண்டும். அட்டவணை முடிந்த இடத்திலிருந்து அபாகஸ் மென்பொருள் கிடைக்கோடாக ஓட்டிவிடும், ஒரு வார்த்தை சொல்லாது. எனவே எஃகுக்கு ஸ்விஃப்ட், அலுமினியத்துக்கு வோஸ் ஹார்டனிங் சமன்பாடு பொருத்தி, வளைகோட்டைத் திரிபு 0.5 வரை நீட்டிவிடுங்கள்.

சோதனைக்குக் காசில்லையா? 50 மி.மீ. அகலப் பட்டி நான்கு வெட்டி, அதே வி-டையில் 6, 8, 10, 12 மி.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். பஞ்ச் இறங்கியிருக்கும்போது ஒரு கோணம், எடுத்த பிறகு ஒரு கோணம். இந்த எட்டு எண்ணோடும் சிமுலேஷன் ஒத்துப்போகும் வரை வளைகோட்டைச் சரிசெய்யுங்கள். அரை நாள் வேலை.

அப்படியே மைக்ரோமீட்டரையும் எடுங்கள். 4 மி.மீ. என்று வாங்கியது 3.85 இருக்கும். அதே பஞ்ச் ஆழத்தில் 0.15 குறைந்தால் கோணம் அரை டிகிரிக்கு மேல் திறந்துகொள்ளும். அதையும் ஸ்பிரிங்பேக் கணக்கில் எழுதிவிட்டு மென்பொருளைத் திட்டுகிறார்கள்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): வளைப்பில் வான் மிசஸ் தகைவு (எல்லாத் திசைத் தகைவையும் ஒரே எண்ணாக்கியது) 520 என்று சிவப்பாகக் காட்டுகிறது. ஈல்டு 300தான். உடைந்துவிடுமா?

பதில்: ஈல்டைத் தாண்டாவிட்டால் தகடு வளைந்து நிற்காது தம்பி, கையை எடுத்ததும் நேராகிவிடும். சிவப்பு என்றால் அபாயம் என்று யார் சொன்னது? திரிபைப் பாருங்கள்.

கேள்வி (டொங்காட்): கரும்பாலை ஷூட்டுக்கு (சரக்கு சறுக்கி இறங்கும் சரிவு) 3 மி.மீ. 3சிஆர்12 வளைக்கிறோம். மென்பொருளின் மெட்டீரியல் நூலகத்தில் அந்தப் பெயர் இல்லாததால் 304 கார்டு (உலோகத்தின் விவரக் கோப்பு) போட்டோம். சரியா?

பதில்: சரியில்லை. மிடில்பர்க்கில் பிறந்த இந்த எஃகு 304-க்குப் பங்காளிகூடக் கிடையாது. 3சிஆர்12 ஃபெர்ரிட்டிக் வகை. குரோமியம் சுமார் 11, 12 சதவீதம், நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். ஈல்டு 300, 350 பக்கம், நீட்சி 20-க்கு மேல் கொஞ்சம். 304 ஆஸ்டெனிட்டிக், 50 சதவீதம் நீளும், நீள நீள முறுக்கேறும். 304 கார்டு போட்டால் "இன்னும் வளைக்கலாம்" என்று கணினி சொல்லும், பட்டறையில் தகடு பிளக்கும். நூலகத்தில் 1.4003 என்று தேடுங்கள், கிட்டத்தட்ட அதே சரக்கு. உள் ஆரம் 2 மடங்கு தடிமனுக்குக் குறையாமல் வையுங்கள். மைல்ட் ஸ்டீலைவிட ஒரு டிகிரி கூடுதலாக மடக்கத் தயாராக இருங்கள்.

எந்தத் தகடு எது என்று குழம்பினால் காந்தம் வையுங்கள். 3சிஆர்12 முழுக்க ஒட்டும். 304 தட்டையில் ஒட்டாது. ஆனால் வளைத்த மடிப்பின்மேல் வைத்தால் லேசாகப் பிடிக்கும். வளைக்கும்போது அங்கே ஆஸ்டெனைட்டில் ஒரு பங்கு மார்ட்டென்சைட்டாக மாறியிருக்கிறது. 304-இன் வளைகோடு கடைசிவரை ஏறிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): எல்எஸ்-டைனா மென்பொருளில் பஞ்ச் பட்ட இடம் மட்டும் குழிகிறது. தகட்டின் இரண்டு சிறகும் எழும்பாமல் அப்படியே நிற்கின்றன. காண்டாக்ட் (தொடுகை) அமைப்பு தப்பா?

பதில்: அலகு தப்பு. மில்லிமீட்டர், மெகாபாஸ்கல், நொடி என்று எடுத்தால் நிறை டன்னில் இருக்க வேண்டும். எஃகின் அடர்த்தி 7.85 × 10⁻⁹. நீங்கள் 7850 போட்டிருக்கிறீர்கள். ஒரு லட்சம் கோடி மடங்கு கனமான தகடு. சிறகு எப்படி எழும்பும்? சரிசெய்த பிறகும் பஞ்ச் வேகத்தைக் கவனியுங்கள். நொடிக்கு 1, 2 மீட்டர் போதும். இயக்க ஆற்றல் உள் ஆற்றலில் 5 சதவீதத்தைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஸ்பிரிங்பேக்கை எக்ஸ்பிளிசிட்டிலேயே (சின்னச் சின்ன நேரப் படியாக ஓடும் முறை) எடுக்காதீர்கள், இம்ப்ளிசிட்டுக்கு (சமநிலையை நேரடியாகத் தீர்க்கும் முறை) மாறுங்கள். இன்னொன்று: தகட்டைக் குறிக்கும் ஷெல் எலிமென்ட்டின் தடிமனில் எத்தனை கணக்குப் புள்ளி என்று சொல்லாவிட்டால் டைனா 2 மட்டும் எடுக்கும். வளைப்புக்கு 7, ஸ்பிரிங்பேக்குக்கு 9.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): பக்கி (பிக்கப் வண்டி) பின்பக்க மூடியான கேனப்பிக்கு 2 மி.மீ. 6082-டி6 அலுமினியத் தகடு, உள் ஆரம் 2. சிமுலேஷனில் எஃப்எல்டி (தகடு கிழியும் எல்லையைக் காட்டும் வரைபடம்) முழுக்கப் பச்சை. பட்டறையில் ஐந்தில் மூன்று விரிசல்.

பதில்: அலுமினியம் உருட்டும் ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! 2 மி.மீ. தகட்டை 2 மி.மீ. ஆரத்தில் மடக்கினால் வெளி இழை நீள வேண்டியது சுமார் 33 சதவீதம். டி6 நிலையில் 6082 நீள்வதோ 8, 10. இதற்குக் கணினியே தேவையில்லை, தீக்குச்சிப் பெட்டியின் முதுகில் போடலாம்.

எஃப்எல்டி ஏன் பச்சை காட்டியது? அது இழுப்பில் மெலியும் தகட்டுக்கானது. பெரும்பாலும் தடிமனின் நடு அடுக்கைத்தான் பார்க்கிறது. வளைப்பில் நடு அடுக்கு அவ்வளவாக நீள்வதில்லை. வெளி அடுக்கின் பெரிய திரிபை எடுத்து, அந்த உலோகத்தின் குறைந்தபட்ச வளைப்பு ஆரத்தோடு ஒப்பிடுங்கள். டி6-க்கு 6 முதல் 8 மி.மீ. ஆரம் வேண்டும். அவ்வளவு ஆரம் வடிவத்துக்கு ஒத்துவராது என்றால் 5754-எச்22 அல்லது 5251-எச்22 வாங்குங்கள், தடிமன் அளவு ஆரத்துக்கே மடங்கும். 6082-தான் வேண்டும் என்றால் மெதுவான டி4 நிலையில் வளைத்து, பிறகு 175 டிகிரியில் 8 மணி நேரம் சூடேற்றி டி6 ஆக்கலாம்.

வளைப்புக் கோடு உருட்டிய திசைக்குக் குறுக்கே இருக்கட்டும். கில்லட்டினில் வெட்டிய ஓரத்தின் பிசிறு உள்பக்கம், பஞ்ச் பக்கம், திரும்பியிருக்க வேண்டும். வெளிப்பக்கம் இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும், அதை எந்த மெஷ்ஷும் காட்டாது. திசைக்குத் திசை மாறும் ஈல்டைச் சொல்லும் ஹில்48 மாதிரியை எஃகோடு நிறுத்துங்கள். ஆர்-மதிப்பு (இழுக்கும்போது அகலத் திரிபுக்கும் தடிமன் திரிபுக்கும் உள்ள விகிதம்) 0.6, 0.8 உள்ள அலுமினியத்துக்கு பார்லாட் மாதிரி.

கேள்வி (லாடியம்): ரோஸ்லின் கார் உதிரிக்கு 1.5 மி.மீ. டிபி600 (டூயல்-ஃபேஸ் எஃகு) தகட்டில் தொப்பி வடிவ பிராக்கெட். பக்கச் சுவர் வெளியே சுருண்டு வருகிறது. சிமுலேஷனில் நேராக இருக்கிறது.

பதில்: உருப்படியாக எழுதிய கடிதம், ஐந்து விவரமும் இருக்கின்றன. வி-டையில் தகடு ஒரு தடவைதான் வளைகிறது. தொப்பி வடிவத்திலோ அது டை ஆரத்தின்மேல் ஏறி வளைந்து, சுவருக்கு இறங்கும்போது மறுபடி நிமிர்கிறது. திசை திரும்பும்போது எஃகு எதிர்பார்த்ததற்கு முன்பே ஈல்டு ஆகும், பாஷிங்கர் விளைவு. நீங்கள் போட்டிருக்கும் ஐசோட்ரோபிக் ஹார்டனிங்குக்கு (எல்லாத் திசையிலும் ஒரேபோல் கெட்டிப்படும் என்று கொள்வது) இது தெரியாது. டைனாவில் 125-ம் மெட்டீரியல், யோஷிதா மாதிரி, அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு இழு-தள்ளு சோதனைத் தரவு வேண்டும், செலவுதான், வழியில்லை.

கூடவே மீள்மைக் குணகம். 207 ஜிகாபாஸ்கல் என்பது தொடாத தகட்டுக்கு. சில சதவீதம் பிளாஸ்டிக் திரிபு ஏறிய டிபி எஃகு பளுவை இறக்கும்போது 170, 175 மாதிரிதான் நடந்துகொள்ளும்; அந்த வித்தியாசமே ஸ்பிரிங்பேக்கில் 15 சதவீதத்துக்கு மேல். டை ஆரத்தில் 90 டிகிரிக்கு குறைந்தது 8 எலிமென்ட், 16-ம் வகை ஷெல். ஆரம் தடிமனைப்போல் இரண்டு மடங்குக்கும் கீழே போனால் ஷெல்லை விட்டுவிட்டு சாலிட்.

கேள்வி (மெரபேங்க்): கே-ஃபேக்டர் (நீளாத அடுக்கு உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பது) 0.5 வைக்கிறோம். ஆறு மடிப்புள்ள பெட்டி 2 மி.மீ. கூடிப்போகிறது.

பதில்: 0.5 வைத்தால் கூடத்தான் செய்யும். 2 மி.மீ. தகடு, 2 மி.மீ. உள் ஆரத்தில், 0.5-க்கும் 0.38-க்கும் ஒரு மடிப்பில் வித்தியாசம் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. ஆறு மடிப்புக்குப் பெருக்கிப் பாருங்கள். 100 மி.மீ. பட்டியை 90 டிகிரி மடக்கி, இரண்டு காலின் வெளி அளவையும் கூட்டுங்கள். 103.6 வந்தால்: 100 − 103.6 + 8 = 4.4 (அந்த 8, ஆரமும் தடிமனும் கூட்டி இரட்டித்தது). 4.4-ஐ 1.571-ஆல் வகுத்து, ஆரம் 2-ஐக் கழித்து, தடிமனால் வகுத்தால் 0.40. உலோகத்துக்கு ஒன்று, டைக்கு ஒன்று என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பஞ்ச் முனை 1 என்பதால் உள் ஆரம் 1 ஆகிவிடாது. ஏர் பெண்டிங்கில் (தகடு டையின் அடியைத் தொடாமல் வளைப்பதில்) ஆரத்தைத் தீர்மானிப்பது வி-டை அகலம்: மைல்ட் ஸ்டீலுக்கு ஆறில் ஒன்று, 304-க்கு ஐந்தில் ஒன்று, மெது அலுமினியத்துக்கு எட்டில் ஒன்று. ஒரே 16 மி.மீ. டையில் 2.7, 3.2, 2. ரேடியஸ் கேஜ் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (லெனேசியா): 14 மணி நேர ரன், நடுவில் லோட் ஷெட்டிங் (மின்வெட்டு). முதலிலிருந்தா?

பதில்: ரீஸ்டார்ட் ஃபைல் எழுதச் சொல்லியிருந்தால் இல்லை. டைனாவில் டி3டம்ப், அபாகஸில் ரீஸ்டார்ட் கட்டளை. மணிக்கு ஒரு தடவை எழுதும்படி வையுங்கள். அதைவிட, சமச்சீர் வடிவத்தை ஏன் முழுதாக ஓட்டுகிறீர்கள்? பாதியை வெட்டினால் 7 மணி நேரம்.

கேள்வி (இசிப்பிங்கோ): 3 மீட்டர் நீள வளைப்பில் ஓரம் 90, நடு 91.5. சிமுலேஷனில் எல்லா இடமும் 90.

பதில்: உங்கள் சிமுலேஷனில் பஞ்சும் டையும் வளையாத கல். நிஜத்தில் 4 மி.மீ. எஸ்355-க்கு 32 டையில் மீட்டருக்கு 37 டன், மூன்று மீட்டருக்கு 110 டன். மெஷின் படுக்கை நடுவில் தொய்கிறது. கிரவுனிங் (படுக்கையின் நடுவை மேலே தூக்கும் ஏற்பாடு) இருந்தால் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் டைக்கு அடியில் நடுவில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வையுங்கள். தகடு மேல் குற்றமில்லை. (தடிமனை அளந்தீர்களா?)

கேள்வி (மவுன்ட் எட்ஜ்கோம்ப்): கோயில் தேருக்கு 0.6 மி.மீ. பித்தளைத் தகடு போர்த்துகிறோம். எந்த மென்பொருள் நல்லது?

பதில்: கத்தரிக்கோலும் அட்டையும். அட்டையில் வெட்டி மரத்தின்மேல் மடக்கிப் பார்த்து, அதே அளவில் தகட்டை வெட்டுங்கள். அரைக் கடினத் தகடு என்றால் 500 டிகிரி அளவில் காய்ச்சி மென்மையாக்குங்கள், ஸ்பிரிங்பேக் ஏறக்குறைய இல்லாமல் போகும். காய்ச்சாமல் மடக்கிய பித்தளையை அமோனியா கலந்த பாலிஷ் போட்டுத் துலக்க வேண்டாம்; மடிப்பில் தேங்கி நிற்கும் தகைவும் அமோனியாவும் சேர்ந்தால் சில மாதத்தில் மடிப்போடு மடிப்பாகக் கீறல் விழும்.