ஓர் ஊரின் பிறப்பும் இறப்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் ஏறத்தாழ 3,500 பேர் வசிக்கிறோம். சென்ற ஆண்டு இரண்டு குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டன. கணக்கிட்டுப் பார்த்தால் சிசு மரண விகிதம் 40-ஐத் தாண்டுகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் ஓர் இறப்பும் இல்லை. எங்கள் ஊரின் நிலை கெட்டுவிட்டதா?
(ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர், தர்மபுரி மாவட்டம்)

பதில்: ஓராண்டு விகிதத்தைக் கொண்டு அப்படி முடிவு செய்ய இயலாது. உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு எத்தனை குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கின்றன என்பதே சிசு மரண விகிதம். உங்கள் ஊரில் ஆயிரம் குழந்தைகள் பிறக்கவே இருபது ஆண்டுகள் ஆகும். தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் பிறப்பு, இறப்புகளைத் தொடர்ந்து எண்ணி மதிப்பிடும் அரசின் மாதிரிப் பதிவு முறையின்படி 2020இல் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு 13.8, சிசு மரண விகிதம் 13. இவற்றை 3,500 பேருக்குப் பொருத்தினால் ஆண்டுக்குச் சுமார் 48 பிறப்புகளும், மூன்று ஆண்டுகளில் இரண்டு சிசு மரணங்களும் வரும். ஆகவே உங்கள் விகிதம் ஓராண்டில் 0 என்றும், இன்னோர் ஆண்டில் 21 என்றும், மற்றோர் ஆண்டில் 42 என்றும் தாவத்தான் செய்யும். மாநிலச் சராசரியை ஒத்த ஊரில்கூட ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டோ அதற்கு மேலோ இறப்புகள் தற்செயலாகவே நேரக்கூடும். சிறிய மாநிலங்களுக்கே மூன்றாண்டுத் தரவுகளைச் சேர்த்துத்தான் இந்த விகிதத்தை வெளியிடுகிறார்கள். நீங்கள் பத்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

எண்ணிக்கையை எந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, நிகழ்வு எங்கே நேர்ந்ததோ அங்கேதான் அது பதிவாகும். நகரத்து மருத்துவமனையில் பிறந்த உங்கள் ஊர்க் குழந்தை நகரத்துக் கணக்கில் சேரும். அதே குழந்தை பின்னர் வீட்டில் இறந்தால் அந்த இறப்பு உங்கள் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் ஏறும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கமும் சேர்ந்துகொள்ள, பிறப்பு ஓரிடத்திலும் இறப்பு வேறிடத்திலும் நின்று விகிதத்தையே பொய்யாக்கிவிடும். எனவே தாய் வழக்கமாக வசிக்கும் ஊரை அடிப்படையாகக் கொண்டு, கிராம சுகாதார செவிலியரின் தாய்-சேய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். இறந்தே பிறந்த குழந்தைகளை இதில் சேர்க்கக் கூடாது.

விகிதம் நம்பத்தக்கதல்ல என்பதால் அந்த இரண்டு இறப்புகளை விட்டுவிடலாம் என்று பொருளல்ல. பிறக்கும்போது எடை எவ்வளவு, குறைமாதப் பிரசவமா, வலி தொடங்கியபின் மருத்துவமனையை அடைய எவ்வளவு நேரமாயிற்று, இறந்தது முதல் வாரத்திலா அல்லது வீடு திரும்பிய பின் காய்ச்சலிலா என்பவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள். சிசு மரணங்களை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. சிற்றூருக்கு விகிதத்தைவிட இந்த விசாரணையே பயன் தரும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு உங்களைப் போன்ற உறுப்பினர்களுக்கு இருக்கிறது. பெற்றோரைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல் அதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: கேரளத்தின் இறப்பு விகிதம் பீகாரைவிட அதிகம் என்று படித்தேன். இது அச்சுப் பிழையா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: பிழையல்ல. 2020இல் ஆயிரம் பேருக்குக் கேரளத்தில் 7.0, பீகாரில் 5.4 இறப்புகள். இந்த விகிதம் வயது வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் கேரளத்தில் 12.6 விழுக்காடு, பீகாரில் 7.4 விழுக்காடு. முதியோர் மிகுந்த இடத்தில் மருத்துவ வசதி எவ்வளவு சிறந்திருந்தாலும் இறப்புகள் கூடுதலாகவே இருக்கும். பிறந்த குழந்தைகளை மட்டும் கொண்டு கணக்கிடும் சிசு மரண விகிதத்தில் இந்தக் குழப்பம் இல்லை: அதே ஆண்டில் கேரளத்தில் 6, பீகாரில் 27. இளைஞர்கள் வேலைதேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டதால் முதியோரே மிஞ்சியிருக்கும் நம் ஊர்களிலும் இறப்பு விகிதம் உயர்ந்தே தெரியும். வயதுவாரியாகப் பிரித்த பின்னரே அவற்றைப் பிற ஊர்களோடு ஒப்பிட வேண்டும்.