பஸ்ஸர் அடித்தாச்சு, நடுவர் எப்படி வெளியே போவது? கேள்வி பதில்

இருபது வருஷத்துக்கு மேல் கூடைப்பந்து விசில் ஊதியவன் என்கிற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஃபீபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனத்தின் விதிப்படிதான் பேசுவேன். ஆட்டம் முடிந்து களத்தை விட்டுப் போவது பற்றி மட்டும் கேளுங்கள்.

புது ரெஃப்ரி, நெல்லை: கடைசி பஸ்ஸர் அடித்ததும் நேராகக் கிளம்பிவிடலாமா சார்?

கிளம்பக்கூடாது தம்பி. பஸ்ஸருக்குப் பிறகும் உங்களுக்கு ஒரு வேலை பாக்கி, அது ஸ்கோரர் உட்காரும் டேபிளில் இருக்கிறது. கடைசி நொடியில் ஃபவுல் ஏதும் ஊதியிருந்தால் அந்த ஃப்ரீ த்ரோவை முடித்துவிட்டு நேராக ஸ்கோர் ஷீட்டிடம் போங்கள். நான்கு குவார்ட்டரையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், கடைசிப் புள்ளியைச் சுற்றித் தடித்த வட்டம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். டைமர், ஷாட் கிளாக் ஆள், உதவி ஸ்கோரர், ஸ்கோரர், பிறகு அம்பயர்கள் (மற்ற நடுவர்கள்), எல்லாருக்கும் கடைசியாகத்தான் க்ரூ சீஃப், அதாவது தலைமை நடுவர் கையெழுத்து. அது விழுந்துவிட்டால் ஆட்டத்துக்கும் உங்களுக்கும் தொடர்பு முடிந்தது. எழுதியதில் தப்பு இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு முன்பு வரைதான் திருத்தலாம், ஜெயித்த அணியே மாறிப்போனாலும் சரி, திருத்தலாம்.

நான் பட்டிருக்கிறேன். ஒரு ராத்திரி ஆட்டம், திறந்தவெளி கோர்ட், கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், ஷீட்டைக் கூட்டாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் குவார்ட்டரில் ஒரு புள்ளி கூடுதலாக ஏறியிருக்கிறது, ஆட்டமோ ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது. தோற்ற அணியின் மேனேஜர் தன் நோட்டுடன் மறுநாள் காலை வந்து நின்றார். என்ன பதில் சொல்ல? ஷீட்டைக் கூட்டாமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

கல்லூரி கோச்: தோற்ற கோச் வந்து அந்தக் கடைசி ஃபவுலுக்கு விளக்கம் கேட்டால் என்ன செய்வது?

“சரி சார், கேட்டுக்கொண்டேன்” என்று சொல்லிவிட்டு நடங்கள். ஆட்டம் முடிந்த பிறகு சொல்லும் விளக்கம் எதையும் மாற்றாது, அடுத்த சண்டைக்குத்தான் எடுத்துக் கொடுக்கும்.

பள்ளி பி.டி. டீச்சர்: பாதி ஆட்டத்தில் வெளியே போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல கேள்வி அம்மா, யாருமே இதைக் கேட்பதில்லை. இரண்டாம் பாதியில் அணிகள் கூடை மாறும், அதனால் டேபிளில் இருக்கும் பொசஷன் அம்பை (அடுத்து பந்து எந்த அணிக்கு என்று காட்டும் அம்புக்குறி) திருப்பி வைத்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கவே போக வேண்டும். அப்புறம், நடந்து போகும்போது கோச் வாய்க்கு வந்ததைச் சொன்னால் இடைவேளைதானே என்று விட வேண்டியதில்லை. டெக்னிக்கல் (நடத்தைக்கான ஃபவுல்) கொடுக்கலாம், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவோடு மூன்றாம் குவார்ட்டர் ஆரம்பிக்கும்.

அமெரிக்க காலேஜ் ஆட்டம் பார்ப்பவர்: அங்கெல்லாம் பஸ்ஸர் அடித்ததும் நடுவர்கள் மூன்று பேரும் ஓட்டமாக ஓடிவிடுகிறார்களே, அதுதானே பாதுகாப்பு? நீங்கள் டேபிளில் நின்று அடி வாங்கச் சொல்கிறீர்கள்.

அங்கே விதியே வேறு. பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் நடுவர்கள் எல்லாரும் களம் கண்ணில் படும் எல்லையை விட்டு வெளியேறியதும் அவர்கள் அதிகாரம் முடிகிறது, போவதே ஸ்கோருக்கு ஒப்புதல் மாதிரி. நமக்குக் கையெழுத்துதான் ஒப்புதல். அதோடு, புரோட்டஸ்ட் கொடுக்க நினைக்கும் கேப்டன் ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் க்ரூ சீஃபிடம் சொல்லி ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் ஓடிவிட்டால் அவர் யாரிடம் சொல்வார்?

அவரே: கையெழுத்து வெறும் சடங்கு. 1972 மூனிக் ஒலிம்பிக் இறுதியில் நடுவர் கையெழுத்துப் போடவே மறுத்தாரே, என்ன ஆயிற்று?

வந்துவிட்டீர்களா அதற்கு! தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சோவியத்தோடு ஆட்டம், மூன்று நொடி பாக்கி, அமெரிக்க வீரர் டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு அமெரிக்கா 50–49. அதற்குப் பிறகு குழப்பம். ஃபீபா பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து கடிகாரத்தைத் திரும்ப மூன்று நொடிக்கு வைக்கச் சொன்னார். கடைசியில் அலெக்சாண்டர் பெலோவ் போட்ட கூடையில் சோவியத் 51–50. பிரேசில் நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஷீட்டில் கையெழுத்துப் போடவில்லை. அமெரிக்காவின் முறையீடு 3–2 என்ற வாக்கில் தள்ளுபடியானது, வீரர்கள் இன்றுவரை வெள்ளிப் பதக்கத்தை வாங்கவில்லை.

முடிவு மாறவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரை நூற்றாண்டு கழித்து நீங்களும் நானும் அந்த மனிதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், எதனால்? சடங்குக்கு யாரும் மறுப்பு சொல்ல மாட்டார்கள் ஐயா.

இன்னொருவர், கோவை: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊர் டோர்னமென்ட்டில் கூட்டம் கோட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், போலீஸ் இருக்காது. அங்கே விதி பேச முடியுமா?

இதை மறுக்க மாட்டேன். ஆட்டத்துக்கு முன்பே அமைப்பாளரிடம் கேளுங்கள்: நாங்கள் எந்த வழியாகப் போவது, கூட யார் வருவார், ஷீட்டை எங்கே வைத்துப் பார்ப்பது. நிலைமை சூடாக இருந்தால் ஷீட்டோடும் ஸ்கோரரோடும் மேடைக்குப் பின்னால் ஒரு அறைக்குப் போய்க் கூட்டிப் பாருங்கள், கேப்டன்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து போங்கள், ஒருவரை விட்டுவிட்டு யாரும் போகாதீர்கள். ஓடாதீர்கள், ஓடுகிறவனைப் பார்த்தால் துரத்தத்தான் தோன்றும். பஸ்ஸருக்குப் பிறகு யாராவது தள்ளினாலோ திட்டினாலோ ஷீட்டின் பின்பக்கம் எழுதி, அதன்பிறகு கையெழுத்து, அப்புறம் அமைப்பாளருக்கு விரிவான அறிக்கை. கையெழுத்துக்குப் பிறகு ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை.

பெயர் வேண்டாம்: டிராவலிங்கில் ஜீரோ ஸ்டெப் என்றால் என்ன?

இன்றைய பேச்சு அதில்லை. விதிப் புத்தகத்தில் டிராவலிங் பகுதியைப் படியுங்கள்.

கரூர் நண்பர்: இறுதி ஆட்டம் முடிந்ததும் பொன்னாடை போர்த்த மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

ஷீட் முடிந்த பிறகு போங்கள், தப்பில்லை. ஜெயித்த அணியோடு குரூப் போட்டோவுக்கு மட்டும் நிற்காதீர்கள்.

பயிற்சி நடுவர்: கோச் விளக்கம் கேட்டால்...?

மேலே இருக்கிறது.

மற்றொருவர்: சார், கோச் வந்து ஏன் அந்த ஃபவுல் என்று...

அதே பதில்தான்!

ராத்திரி பஸ் பயணி: ஊருக்குத் திரும்ப ஒரு அணியின் வேனில் லிஃப்ட் கேட்டால்?

தோற்ற அணி வேனா, ஜெயித்த அணி வேனா? எதுவானாலும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் காத்திருங்கள்.

எனக்கு ஆறு மணிக்கு ஒரு பள்ளி ஆட்டம் இருக்கிறது, பேனாவைத் தேட வேண்டும். மீதியை நாளைக்குப் பார்க்கலாம். கோச் கேள்வியை மட்டும் கொண்டுவராதீர்கள்.