பழைய டீசல் பிக்கப்: முள்ளு ஏறுது, இழுவை இல்ல (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், என்கிட்ட 2011 மாடல் பொலேரோ பிக்கப் இருக்கு. குன்னூருக்கு உரமூட்டை ஏத்திட்டுப் போவேன், இறங்கும்போது கேரட், உருளைக்கிழங்கு. கொஞ்ச நாளா பர்லியார் தாண்டினாலே டெம்பரேச்சர் முள்ளு மேல போயிடுது, ஓரங்கட்டி அரை மணி நேரம் நிக்கிறேன். மெக்கானிக் தெர்மோஸ்டாட்ட (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணி விடுற வால்வு) கழட்டிடலாங்கிறார், ஃப்ரெண்டு பெரிய ரேடியேட்டர் போடச் சொல்றார். எதைக் கேக்கறது?
(மேட்டுப்பாளையம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு ரெண்டும் வேண்டாங்க. இதே லோடோட இதே 14 கொண்டை ஊசியையும் உங்க வண்டி இத்தன வருஷம் ஏறிட்டுதான இருந்துச்சு, அப்ப ஏறினது இப்ப ஏன் ஏறலன்னு கண்டுபிடிங்க, பெரிய ரேடியேட்டர பத்தி அப்புறம் பேசலாம்.

ரேடியேட்டர முன்னாடி நின்னு பாத்துட்டு சுத்தமா இருக்குன்னு விட்றாதீங்க. அதுக்கு முன்னால ஏசி கன்டென்சரோ இன்டர்கூலரோ (இன்ஜினுக்குப் போற காத்த குளுர வைக்கிறது) இருந்தா ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. போன மாசம் ஒரு வண்டியில அப்படிப் பாத்தப்ப மண்ணு, பூச்சி, சாக்குத் தூசி எல்லாம் ஆயில் கசிவுல ஊறி கம்பளி மாதிரி படிஞ்சு கிடந்துச்சு, விரல விட்டு சுரண்டினா பாளம் பாளமா வருது. காத்தே போகாத ரேடியேட்டர் எவ்வளவு பெருசா இருந்து என்ன புண்ணியம்? இன்ஜின் பக்கத்துல இருந்து முன்பக்கமா தண்ணி அடிங்க, பிரஷர் கம்மியா வெச்சு அடிங்க, இல்லன்னா ரேடியேட்டர்ல இருக்கிற மெல்லிசான தகடு (ஃபின்) எல்லாம் மடங்கிடும்.

அடுத்தது மூடி. நல்ல ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 பார் பிரஷர் புடிச்சு வெச்சா சமவெளியில உள்ள இருக்கிற வெறும் தண்ணிகூட 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரப்பர் போன மூடின்னா பிரஷரே நிக்காது, அதுலயும் நீங்க போறது மலை, குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், பிரஷர் இல்லன்னா அங்க 94 டிகிரி கிட்டயே தண்ணி கொதிச்சிடும். சில நூறு ரூபா பொருள், அதே பிரஷர் நம்பர் பாத்து மாத்திடுங்க. சூடா இருக்கும்போது மட்டும் தயவுசெஞ்சு தெறக்காதீங்க, எத்தன தடவ வேணாலும் இத சொல்லுவேன், என் முன்கையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

போர் தண்ணி ஊத்துற பழக்கம் இருந்தா உள்ளயும் உப்பு படிஞ்சிருக்கும். செம்பு பித்தளை ரேடியேட்டர்னா டேங்க பிரிச்சு ராட் விட்டு சுத்தம் பண்ணலாம், பிளாஸ்டிக் டேங்க் வெச்ச அலுமினியம்னா புதுசு மாத்துறதுதான் சரி. அதுக்கப்புறம் கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, போர் தண்ணி பக்கமே போகாதீங்க.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வர்றேன். நிறைய இன்ஜின்ல அது தெறக்கும்போதே பைபாஸ் வழிய அடைக்கும், அத கழட்டிட்டா சூடான தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்திட்டு இருக்கும். மலை இறங்கும்போது இன்ஜின் தேவைக்கு மேல குளுந்து தேய்மானமும் கூடும். சந்தேகமா இருந்தா கழட்டி ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி அடுப்புல வெச்சுப் பாருங்க, 82 டிகிரி கிட்ட தெறக்க ஆரம்பிச்சா நல்லா இருக்குன்னு அர்த்தம், சில மாடல்ல கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்.

இதெல்லாம் செஞ்சும் ஏறுச்சுன்னா, ராத்திரி நிறுத்தின வண்டியில காலைல மேல் ஹோஸ அமுக்கிப் பாருங்க. ஆறின பிறகும் கல்லு மாதிரி இருந்தா ஹெட் கேஸ்கட்ட (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) சந்தேகப்படணும். எல்லாம் சரின்னா மட்டும் ஒரு ரோ (தண்ணிக் குழாய் வரிசை) கூடுதலா இருக்கிற ரேடியேட்டர் போடுங்க, அப்ப அது உண்மையாவே உதவும். ஏத்தத்துல டாப் கியர்லயே திணறித் திணறி ஓட்டாம ஒரு கியர் குறைச்சுப் போங்க, தண்ணி பம்பும் ஃபேனும் வேகமா சுத்தும்.

கேள்வி: அண்ணே, 2008 டாடா 207 வெச்சிருக்கேன். கொல்லிமலைக்கு சிமென்ட், கம்பி ஏத்துறப்ப இழுவை பத்தல. டீசல் பம்புல ஸ்க்ரூவ திருப்பி டீசல் கூட்டிக்கலாமா?
(நாமக்கல் வாசகர்)

பதில்: திருப்பினா இழுக்கும் தம்பி, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா 70 கொண்டை ஊசி, முழு லோடு, தொடர்ந்து மிதி, அங்கதான் பயமா இருக்கு. பெட்ரோல் இன்ஜின்ல எரிபொருள் கம்மியானா சூடு ஏறும், டீசல்ல நேரெதிர், டீசல் கூடக் கூட எக்ஸாஸ்ட் சூடு ஏறிட்டே போகும். கரும்புகை வந்தா ஊத்துன டீசலுக்குக் காத்து பத்தலன்னு அர்த்தம். அலுமினியம் 660 டிகிரில உருகும், பிஸ்டனும் அலுமினியம்தான். அந்தச் சூடு தண்ணி மீட்டர்ல உடனே தெரியாது, முள்ளு நடுவுல நிக்கும்போதே பிஸ்டன் மண்டை கருகிட்டு இருக்கும்.

அதனால இருக்கிற இழுவை எங்க ஒழுகுதுன்னு முதல்ல பாரு. ஏர் ஃபில்டர், டர்போல (எக்ஸாஸ்ட் வேகத்துல சுத்தி இன்ஜினுக்குக் காத்த அமுக்கித் தர்றது) இருந்து வர்ற ஹோஸ் (சோப்புத் தண்ணி தடவி ரேஸ் பண்ணச் சொன்னா, கசிஞ்சா முட்டை விடும்), இன்ஜெக்டர் நாசில், வால்வு இடைவெளி, கிளட்ச் வழுக்கல். சமதரையில அஞ்சாறு கிலோமீட்டர் அதிகமா பிரேக் புடிக்காம ஓட்டிட்டு நாலு வீல் கிட்டயும் கைய கொண்டு போ, ஒண்ணு மட்டும் கொதிச்சா பிரேக் புடிச்சுட்டு இருக்கு, இன்ஜின் பாவம் அதையும் சேத்து இழுக்குது. பம்ப்ப டெஸ்ட் பெஞ்ச்ல வெச்சு கம்பெனி அளவுக்கே செட் பண்ணச் சொல்லு.

அதுக்கு மேலயும் வேணும்னா, டர்போக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல ஒரு சூட்டு மீட்டர் மாட்டாம ஸ்க்ரூவ தொடாத. ஏத்தத்துல 700 டிகிரிய தாண்ட விடாத (அது வெளிய வர்ற புகையோட சூடு, பிஸ்டன் அந்த அளவுக்கு ஏறாது). இன்டர்கூலர் நல்லதா இருந்தா காத்து குளுந்து அடர்த்தியா போகும், அதே டீசல் சுத்தமா எரியும், நான்னா காச முதல்ல அதுல போடுவேன். புகை அதிகமானா எஃப்சில நிக்கும், ஆர்சில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுல வருது, அதையும் மனசுல வெச்சுக்க.

கேள்வி: பெல்ட்ல ஓடுற ஃபேன எடுத்துட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டா பவர் மிச்சமாகுமா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: காலி வண்டிக்குக் கொஞ்சம் மிச்சமாகும். லோடு வண்டிக்கு வேண்டாம், மலையில அந்தப் பழைய ஃபேன் இழுக்கிற காத்த சின்ன எலக்ட்ரிக் ஃபேனால குடுக்க முடியாது, ஆல்டர்னேட்டருக்கும் சுமை. உங்களது விஸ்கஸ் ஃபேனா (சூடானா மட்டும் கெட்டியா புடிச்சு வேகமா சுத்துற கிளட்ச் வெச்சது) இருந்தா, சூடான இன்ஜின ஆஃப் பண்ணி சாவிய கையில எடுத்துட்டு ஃபேன சுத்தி விடுங்க. கெட்டியா தடுத்தா நல்லா இருக்கு, நாலஞ்சு சுத்து சும்மா ஓடினா கிளட்ச் போச்சு, மாத்துங்க. ஃபேன சுத்தி இருக்கிற ஷ்ரவுடு (காத்த ரேடியேட்டர் வழியா இழுக்க வைக்கிற கூண்டு) உடைஞ்சிருந்தா அதையும் சேத்து மாத்துங்க, நிறைய பேர் அத கழட்டி ஷெட்லயே போட்டுட்டு வந்துடறாங்க.