194 ரூபாய் மளிகைக்கு 285 ரூபாய் பில்: எதைத் திரும்பக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தாம்பரத்தில் தனியாக வசிக்கிறேன். மூட்டுவலியால் கடைக்குப் போக முடியாமல் மளிகை, காய்கறி எல்லாம் மொபைல் ஆப்பில்தான் வாங்குகிறேன். ‘மெம்பர்களுக்கு 199 ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து, சென்ற மாதம் 214 ரூபாய்க்குப் பொருள் எடுத்தேன். 20 ரூபாய் தள்ளுபடி போக 194. பணம் கட்டிய பிறகு பில்லைப் பார்த்தால் டெலிவரி 30, ஹேண்ட்லிங் 10, ஸ்மால் கார்ட் 20, மழைக் கட்டணம் 15, இவற்றுக்கு ஜிஎஸ்டி 13.50, நன்கொடை 3 என்று மொத்தம் 285.50 ஆகியிருந்தது. நன்கொடை தருவதாக நான் சொல்லவே இல்லை. வராத தயிர் பாக்கெட்டுக்கான 35 ரூபாயை வங்கிக்கு அனுப்பாமல் ஆப்பின் வாலட்டில் போட்டுவிட்டார்கள். மெம்பர்ஷிப்பும் ‘ஒரு மாதம் இலவசம்’ என்று சொல்லிச் சேர்த்ததுதான். இரண்டு மாதமாக 149 ரூபாய் தானாகவே போகிறது, ரத்து செய்யும் இடம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. எம்ஆர்பி-க்கு மேல் இப்படி வாங்கலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா? வேறு ஆப் மாறுவதென்றால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: அம்மா, முதலில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லிவிடுகிறேன். டெலிவரிக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று எந்தச் சட்டமும் உச்சவரம்பு வைக்கவில்லை. மழைக்கு 15 ரூபாய் கேட்பதும் சிறிய ஆர்டருக்கு 20 ரூபாய் கேட்பதும் அதனாலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது. சட்டம் கேட்பது வேறு: அந்தத் தொகையை எப்போது உங்களிடம் சொன்னார்கள், நீங்கள் எப்போது சம்மதித்தீர்கள்? உங்கள் பில்லின் ஒவ்வொரு தொகையையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எம்ஆர்பி விஷயத்தில் பலருக்கும் இதே குழப்பம் இருக்கிறது. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் சேர்ந்தது. அதற்கு மேல் அந்தப் பொருளை விற்கக் கூடாது என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள். ஆனால் பொருளின் விலை வேறு, அதை வீட்டுக்குக் கொண்டுவரும் சேவைக்கான கூலி வேறு. உங்கள் பில்லில் பொருட்களின் விலை எம்ஆர்பி-க்குள்தான் இருக்கிறது. கூடியது சேவைக் கட்டணமும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும். ஆகவே எம்ஆர்பி-யைக் காட்டி வழக்குப் போட்டால் நிற்காது. ஒருவேளை துவரம்பருப்புப் பாக்கெட்டில் 160 என்று அச்சிட்டு, பில்லில் அதே பருப்புக்கு நேரே 168 என்றிருந்தால் கதை மாறிவிடும். அப்போது தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்தும் தொழிலாளர் துறையிடமே புகார் கொடுக்கலாம். ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்று விலை காட்டிவிட்டு, பணம் கட்டும்போது பொருளுக்கே மீண்டும் ஜிஎஸ்டி சேர்ப்பதும் தவறு. குழந்தைகளுக்கான பொருட்கள் விற்கும் ஓர் இணைய நிறுவனத்துக்கு இதற்காகவே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் 2 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

சரி, உங்கள் பில்லுக்கு வருவோம். உங்கள் கை ஓங்கியிருக்கும் இடம், வேடிக்கையாக, அதில் மிகச் சிறிய தொகைதான்: அந்த 3 ரூபாய் நன்கொடை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் விதி 4(9), நுகர்வோர் தாமே முன்வந்து தெளிவாகச் சம்மதம் தந்தால்தான் அது சம்மதம் என்கிறது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது. 2023 நவம்பர் 30-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட ‘டார்க் பேட்டர்ன்’ (வாங்குபவரை ஏமாற்றும் திரை வடிவமைப்பு) தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகள் 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. அதில் ஒன்று, கேட்காததைக் கூடைக்குள் நைசாகச் சேர்ப்பது. நன்கொடையும் அதில் வரும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. மூன்று ரூபாய்க்கா இவ்வளவு என்று நினைக்காதீர்கள். நிறுவனம் வாதாட இடமில்லாத தொகை அது. புகாரில் அதையும் தவறாமல் எழுதுங்கள்.

அடுத்தது மெம்பர்ஷிப், 298 ரூபாய். இலவசம் என்று அழைத்துவிட்டு அதற்கே ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுக்கும் அனுமதி வாங்குவது, ரத்து செய்யும் வழியைக் கண்ணில் படாமல் வைப்பது, இரண்டையுமே மேற்சொன்ன நெறிமுறைகள் சந்தாப் பொறி என்கின்றன. ஆனால் நிறுவனம் சும்மா இருக்காது. ‘இலவச மாதம் முடிந்ததும் 149 ரூபாய் என்று திரையில் காட்டினோம், அவர் யுபிஐ பின் போட்டு ஒப்புக்கொண்டார்’ என்பார்கள். பின் போட்டது உண்மைதானே! அதனால் உங்கள் வாதம் ‘எனக்குத் தெரியாது’ என்று மட்டும் இருந்தால் போதாது. ரத்து செய்ய முயன்றீர்கள், வழி கிடைக்கவில்லை என்பதைக் காட்ட வேண்டும். ஆப்பில் அக்கவுண்ட் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு திரையாகப் போய் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தி வந்ததா என்றும் தேடிப் பாருங்கள். இன்னொன்றை இன்றே செய்துவிடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போனால் அந்த அனுமதியை நீங்களே நீக்கலாம். அதற்கு மளிகை ஆப்பின் தயவு தேவையில்லை.

அடுத்தது தயிர் பணம். வாடிக்கையாளர் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்று பணப் பரிமாற்ற இடைநிலை நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ரீஃபண்டுகளை ரிசர்வ் வங்கியின் நெறிப்படி தர வேண்டும் என்று மின்வணிக விதிகளும் சொல்கின்றன. வாலட்டில் போட்டால் அடுத்த முறையும் அவர்களிடமே வாங்க வேண்டிவரும் என்பதுதான் கணக்கு. ‘உடனே வாலட்டில்’, ‘சில நாளில் வங்கியில்’ என்று இரண்டு பட்டன்கள் வந்து, அவசரத்தில் முதலாவதை அழுத்தியிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அழுத்தியிருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

இனி டெலிவரி, ஹேண்ட்லிங், ஸ்மால் கார்ட், மழை: நான்கும் சேர்ந்து 75 ரூபாய், வரியோடு 88.50. விலையின் பகுதிகளை முன்கூட்டியே காட்டாமல் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதும், பணம் கட்டும் திரையில் (செக்-அவுட்) காட்டியதைவிட அதிகம் வசூலிப்பதும் தடை செய்யப்பட்டவை. மொத்த விலையை ஒரே எண்ணாகவும், அதற்குள் டெலிவரி, கையாளும் கட்டணம், வரி எனப் பிரித்தும் காட்ட வேண்டும் என்பதும் விதி. ஆனால் ஆர்டரை நிறைவேற்றத் தேவையான கட்டணத்தை வாங்கும் நேரத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அது கூடைக்குள் நைசாகச் சேர்த்ததாகாது என்று அந்த நெறிமுறைகளே சொல்கின்றன. பணம் கட்டும் பட்டனுக்கு மேலே 285.50 என்று இருந்து, ‘பில் விவரம்’ என்ற சிறிய அம்புக்குறியை அழுத்தினால் இந்தக் கட்டணங்கள் எல்லாம் விரிந்திருந்தால், அவர்கள் ‘காட்டினோம்’ என்பார்கள். என் கருத்தில் முக்கியமான கட்டணத்தை மடித்து ஒளித்து வைப்பது வெளிப்படைத்தன்மை ஆகாது. அதை வாதாடலாம், வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன்.

இந்த வாதத்துக்குத் துணையாக ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம், துணிப்பைக்குக் காசு வாங்கிய ஒரு பெரிய சில்லறைக் கடைச் சங்கிலியின் வழக்கை விசாரித்தது. பொருளை எல்லாம் தேர்ந்தெடுத்து பில் கவுன்டருக்கு வந்த பிறகு பைக்குக் காசு என்று சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. பைக்குக் காசே வாங்கக் கூடாது என்பதல்ல அதன் பொருள். உள்ளே நுழையும்போதே வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

30 ரூபாய் டெலிவரிக் கட்டணம் மட்டும் தனி. 214-க்குப் பொருள் எடுத்து 199 வரம்பைத் தாண்டினீர்கள். அவர்கள் கொடுத்த தள்ளுபடியே உங்களை 194-க்கு இறக்கிவிட்டது. ‘தள்ளுபடி போக 199’ என்று விளம்பரத்திலேயே தெளிவாக இருந்ததா? இல்லையென்றால் அது தவறான விளம்பரம் என்று வலுவாகவே சொல்லலாம். அந்த விளம்பரத் திரை இன்னும் ஆப்பில் இருந்தால் முதல் வேலையாக அதைப் படம் எடுங்கள். நாளைக்கே மாற்றிவிடுவார்கள்.

புகார் கொடுக்கும் வரிசை இது. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் ஆப்பிலேயே தர வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சாட்டில் புலம்புவது புகார் ஆகாது. 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதிலும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டியது அவர்கள் கடமை. (கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். போலி எண்களில் சிக்கிப் பணம் இழந்தவர்கள் நிறையப் பேர்.) அது பலிக்காவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். சிறு தொகைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். மூட்டுவலியைக் காரணம் காட்டி, காணொலி விசாரணை கேட்டும் மனுச் செய்யலாம்; அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. ‘எல்லாத் தகராறும் நடுவர் தீர்ப்புக்கே’ என்று ஆப்பின் நிபந்தனைகளில் இருந்தால் மிரள வேண்டாம். அந்த ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில்லில் விற்பவராக வேறு ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும், கவனித்தீர்களா? பல ஆப்கள் வெறும் சந்தைதான், சரக்கு இன்னொருவருடையது. மனுவில் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிப்பார்கள்.

வேறு ஆப்புக்கு மாறுவது பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மூன்று ஆப்களில் ஒரே பட்டியலைக் கூடையில் போட்டு, பணம் கட்டுவதற்கு முந்தைய திரையில் இருக்கும் கடைசி எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். தக்காளி விலையில் இரண்டு ரூபாய் குறைத்துவிட்டு ஹேண்ட்லிங்கில் பத்து ரூபாய் எடுப்பவர்களை வேறு எப்படியும் பிடிக்க முடியாது. பாக்கெட்டின் எடையையும் பாருங்கள். அரைக் கிலோ போலத் தெரிவது 450 கிராமாக இருக்கும். கிலோவுக்கு என்ன விலை என்பதுதான் கணக்கு.

மெம்பர்ஷிப் உங்களுக்கு வேண்டுமா? ஒரு டெலிவரிக்கு வரியோடு 35.40 மிச்சம் என்றால், 149 ரூபாயை எடுக்கவே மாதம் ஐந்து ஆர்டர் போட வேண்டும், அதுவும் ஒவ்வொன்றும் வரம்பைத் தாண்டினால்தான். ஹேண்ட்லிங், மழை எல்லாம் மெம்பருக்கும் உண்டு என்பதை உங்கள் பில்லே காட்டுகிறது. ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டு பெரிய ஆர்டர் போதும் என்று நினைக்கிறேன். பத்து நிமிட ஆப்பை விட, நாளும் நேரமும் குறித்து அனுப்பும் சேவைகள் அதற்குப் பொருந்தும். பால், தயிர், கொத்தமல்லிக்குத் தெருமுனை அண்ணாச்சி கடைக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். பல கடைகளில் பையன் கொண்டுவந்து தருகிறான், மழைக்குத் தனிக் காசு கேட்பதில்லை.

புதிய ஆப்பில் சேரும் முன் விற்பவரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், குறைதீர் அலுவலர் ஆகியவை தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அங்கே வாங்க வேண்டாம். உணவுப் பொருள் கையில் வரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் இணைய விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ரவை, கடலைமாவுப் பாக்கெட்டுகளில் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஆப்பில் பழைய பில்கள் எத்தனை நாள் இருக்கும் என்பது அவர்கள் கையில். இந்த மூன்று மாதப் பில்களையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இப்போதே இறக்கி, மகனுக்கோ மகளுக்கோ ஒரு மின்னஞ்சலில் அனுப்பி வைத்துவிடுங்கள்.